நாலு சைபர் தள்ளி ஒரு மூணு

அக்கா: பத்து நாள் லீவா? ஊர்ல இருக்கற லிஃப்ட்டெல்லாம் பாதி மாடியில நின்னுச்சுன்னா யாருடா பாக்கறது?

தம்பி: ஊர்ல வேற லிஃப்ட் மெக்கானிக்கே இல்லியா என்ன... டிக்கெட் எடுத்தாச்சுக்கா. நாளைக்குக் காலையில ஃப்ளைட்டு.

அக்கா: பைத்தியமா உனக்கு? அந்த முட்டிய மடக்கிக்கிட்டு அத்தனை மணி நேரம் ஃப்ளைட்ல... மொதல்ல கையைக் கழுவு. கிரீஸோட டம்ளரைப் பிடிக்காதே.

தம்பி: கழுவிட்டேன். இது கறை, போகாது. நேரா துறைமுகத்துக்குப் போறேன். பழைய ஆளுங்க யாராச்சும் இருப்பாங்க. அப்பா கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலைன்னு நீதானே சொன்னே?

அக்கா: நாப்பது வருஷம் ஆச்சுடா... எவன் இருப்பான் அங்க? சும்மா அலைச்சல். எவ்ளோ தூரம்!

தம்பி: நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். ஆனா நீ போய் அதைத் தூரம்ங்கறியே? புள்ளிக்கு அப்புறம் நாலு சைபர், அப்புறம் ஒரு மூணு, அவ்ளோதான்டான்னு சொன்னது யாரு?

அக்கா: அடப்பாவி... அதையெல்லாம் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கியா?

தம்பி: மறக்குமா? பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, தரையில குப்புறப் படுத்து... பூமிக்கும் சூரியனுக்கும் பதினஞ்சு கோடி கிலோமீட்டர், அதை ஒண்ணுன்னு வெச்சுக்கோம்பே. அப்புறம் அப்பாவை அதால வகுப்பே.

அக்கா: வானியல் அலகு! என் சயின்ஸ் புஸ்தகத்துல அப்பதான் அந்தப் பாடம் வந்துச்சு. நீ ஸ்கூல்லேர்ந்து வந்ததும் வராததுமா, அப்பா எவ்ளோ தூரம், எவ்ளோ தூரம்னு என் உயிரை எடுப்பே. நாலாயிரத்து ஐந்நூறுன்னா ஊரைக் கூட்டி அழுவே. சைபர்ல ஆரம்பிச்சுச் சொன்னா கப்புனு வாயை மூடிப்பே.

தம்பி: ஒண்ணுக்கும் கம்மியாக்கான்னு கேப்பேன்...

அக்கா: ஒண்ணை லட்சமாப் பிரிச்சா அதுல வெறும் மூணு பங்குடா, பக்கத்து ரூம்ல இருக்கற மாதிரிதான்னு சொல்லுவேன். எப்படித்தான் அளந்து விட்டேனோ!

தம்பி: சின்ன அழுகைக்குத்தான் அது. பெரிய அழுகைன்னா ஒளி ஆண்டு.

அக்கா: ஆமா, ஒம்போது சைபர்! உனக்குக் காய்ச்சல் வந்தப்போ போட்டது. வகுத்து வகுத்துக் கையே ஓஞ்சு போச்சு. அம்மா ஆஸ்பத்திரி டியூட்டி முடிஞ்சு வந்து பாத்துட்டு, "என்னடி, வீடு பூரா முட்டை போட்டு வெச்சிருக்கே"ன்னாங்க.

தம்பி: சிரிச்சாங்கல்ல அன்னிக்கு?

அக்கா: ம்... ரொம்ப நாள் கழிச்சு.

தம்பி: நல்லா இருந்துச்சுக்கா அதெல்லாம். கஞ்சிக்கு வழி இல்லேன்னாலும்... நல்லாத்தான் இருந்துச்சு.

அக்கா: டேய்... டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு.

தம்பி: ஏன்?

அக்கா: சொன்னா கேளு. அங்க யாரும் இல்ல.

தம்பி: போனாத்தானே தெரியும்.

அக்கா: போக வேணாம்டா... அவரு அங்க போகவே இல்ல.

தம்பி: அப்ப அந்த ஊரு?

அக்கா: அட்லஸைத் திறந்து, கண்ணை மூடிக்கிட்டு விரலை வெச்சேன். விரல் பட்ட ஊரு அது. கப்பலும் கிடையாது, இன்ஜினும் கிடையாது. அப்பா இதே ஊர்லதான் இருந்தாரு. ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னாடி. வேற வீடு... வேற குடும்பம்.

தம்பி: ம்.

அக்கா: உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. நீ அப்பா பேச்சை எடுத்தாலே எங்க உளறிடுவேனோன்னு இருக்கும். சின்னப் பிள்ளையை ஏமாத்தறோமேன்னு எத்தனை நாள்... திட்டுடா. பேசாம இருக்காதே, நாலு வார்த்தை திட்டிடு.

தம்பி: மூணு கிலோமீட்டர்.

அக்கா: எது?

தம்பி: நம்ம பழைய வீட்டுலேர்ந்து ஐஸ் ஃபேக்டரி.

அக்கா: உனக்கு... எப்படி...

தம்பி: நான் ஆறாங்கிளாஸ் படிக்கறப்போ ஒரு நாள் நீ போட்ட கணக்குல ஏழு சைபர் வந்துச்சு. ஏழு சைபர், அப்புறம் ஒரு ரெண்டு. அடடே, அப்பா கிட்ட வந்துட்டாரு போலன்னு ஒரே குஷி எனக்கு. அப்பதான் எங்க வாத்தியார் புள்ளி வெச்ச பெருக்கல் சொல்லிக் குடுத்திருந்தாரு. பதினஞ்சு கோடியால திருப்பிப் பெருக்கினேன். மூணுன்னு வந்துச்சு.

அக்கா: ஐயோ... அன்னிக்குத்தான்டா நான் அவரைத் தேடிப் போனேன். வீட்டுக்கு வந்துடுங்கப்பான்னு கெஞ்சினேன். உள்ளகூடக் கூப்பிடல, வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிட்டாரு. நடந்தே திரும்பி வந்தேன். உள்ள நுழையறப்பவே நீ எவ்ளோ தூரம்னு கேட்டே. கை தானா மூணுன்னு எழுதி வகுத்துடுச்சு போல.

தம்பி: எந்தப் பக்கம் மூணு கிலோமீட்டர்னு தெரியல. ஸ்கூல் விட்டதும் தினம் ஒரு ரோட்டுல நடந்தேன். நாலாவது நாள் பாத்துட்டேன். சைக்கிள்ல ஒரு சின்னப் பாப்பாவை உக்கார வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போனாரு.

அக்கா: பேசினியா?

தம்பி: இல்ல. வந்துட்டேன்.

அக்கா: அப்ப இந்த ஃப்ளைட் டிக்கெட்டு?

தம்பி: டிக்கெட்டும் இல்ல, லீவும் இல்ல. அம்மாவும் போயிட்டாங்க, இன்னும் எதுக்கு நீ தனியா சுமக்கணும்? நானா கேட்டா மழுப்புவே. அதான் ஒரு பிட்டைப் போட்டேன்.

அக்கா: படுபாவி! இருடா... ஏழாங்கிளாஸ் முழுக்க நீ அப்பா எவ்ளோ தூரம்னு அழுதியே! நானும் மாஞ்சு மாஞ்சு வகுத்தேனே! எல்லாம் தெரிஞ்சும் எதுக்குடா அழுதே?

தம்பி: அழுதாத்தானேக்கா நீ எல்லா வேலையையும் போட்டுட்டு என் பக்கத்துல வந்து உக்காருவே?