முத்தமில்லாமல் போன என் அண்ணன் பெனிட்டோவுக்காக

மேடையில் வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் உலகநாதன் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, அண்ணனுடன் வேலை செய்த சாவித்திரி அக்கா அவர்களே, இந்த நினைவுக் கூட்டத்துக்கு ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, அண்ணனின் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் ஃபெபி. பிளஸ் டூ படிக்கிறேன். பெனிட்டோ அண்ணனின் தங்கை. என்னை நன்றி மட்டும் சொல்லச் சொன்னார்கள். அப்பா, அம்மா, மன்னியுங்கள். உங்களுக்குத் தெரியாமல் எழுதி வந்திருக்கிறேன். யாராவது மைக்கை வாங்குவதற்குள் படித்துவிடுகிறேன்.

வெள்ளத்தில் படகு இழுத்த பெனிட்டோ என்றீர்கள். கோயிலில் கீபோர்டு வாசித்த பெனிட்டோ என்றீர்கள். உண்மைதான்! ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்று ஒருவராவது சொன்னீர்களா? அவரை அடக்கம் செய்த அன்று ஒருவராவது பெட்டியின் மேல் குனிந்தீர்களா?

பெட்டியை மூடும் முன் நெற்றியில் முத்தம் கொடுப்பது நம் வழக்கம். அன்று எல்லோரும் பூவைப் போட்டுவிட்டு விலகினீர்கள். அம்மா குனிந்தபோது, "வேணாம் ஞானகுமாரி, உனக்கும் ஒட்டிக்கப் போவுது" என்று தோளைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா முத்தம் கொடுக்காமலே பெட்டியை மூடினார்கள்.

ஏன்? வானகரத்தில் லாரி மோதி இறந்த அண்ணனின் பையில் ஒரு மாத்திரை பாட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ அதைப் படித்துப் பார்த்து, "எச்ஐவி மாத்திரை" என்றார்கள். பை வீட்டுக்கு வரும் முன்பே பேச்சு நம் குவார்ட்டர்ஸ் முழுக்க வந்துவிட்டது.

அது பிரெப் மாத்திரை. எச்ஐவி இல்லாதவர்கள், அது வராமல் இருக்கச் சாப்பிடுவது. அதிலுள்ள மருந்தை நோய் இருப்பவர்களுக்கும் கொடுப்பார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம். அண்ணனுக்கு எச்ஐவி இல்லை. போன மாதப் பரிசோதனையிலும் இல்லை. இருந்திருந்தால்தான் என்ன? முத்தத்தில் அது பரவுமா? அப்போதும் அவர் என் அண்ணன் இல்லையா?

அண்ணன் ஆண்களை நேசித்தவர். கிறிஸ்துமஸுக்கு அப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அப்பா, அவர் உங்களிடம் தனியாகச் சொல்ல நினைத்ததை நான் இத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஏனென்றால் அடக்கம் முடிந்த மறுநாள் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். "தங்கச்சி, உங்கண்ணன் டெய்லி மாத்திர போட்டான்ல? அப்பியும் வந்துடுச்சாமே? அப்போ நாங்க இன்னாத்துக்குப் போட்டுக்கினு கீறோம்? எல்லாத்தையும் தூக்கிக் கடாசிட்டேன்" என்றார். அவருடைய நண்பர்களும் நிறுத்திவிட்டார்களாம்.

இவர்களை எச்ஐவி பரிசோதனைக்கு அழைத்துப் போய் மாத்திரை தொடங்க வைப்பதுதான் அண்ணனும் சாவித்திரி அக்காவும் பார்த்த வேலை. அதற்காக அண்ணன் எவ்வளவு கெஞ்சினார் தெரியுமா? வாசல்வரை வந்து ஓடுவார்களாம். அதனால் அண்ணன் முதலில் தன் விரலை நீட்டுவாராம். "பாரு மாமே, எறும்பு கடிச்சா மாதிரிதான் கீது. நீ இன்னா, பெரிய ரவுடியாட்டம் பில்டப்பு குடுத்துக்கினு ஊசியப் பாத்து ஓடற?" என்பாராம். சாவித்திரி அக்கா சொல்லிச் சிரித்தார், பிறகு அழுதார். அப்படி விரல் நீட்டிச் சேர்த்தவர்களை நாம் ஒரே பேச்சில் கலைத்துவிட்டோமே!

பின்வரிசையில் நிற்கும் அண்ணன்களே, மாத்திரை தோற்கவில்லை. அண்ணனைக் கொன்றது லாரி. நிறுத்தியவர்கள் நாளைக்கே சாவித்திரி அக்காவிடம் போங்கள். பரிசோதித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். தனியாகப் போகப் பயமா? நான் வாசல்வரை வருகிறேன். எனக்கும் ஊசி என்றால் பயம்தான். முதல் விரலை நான் நீட்டுகிறேன். இதுதான் என் அண்ணனுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அப்பா எழுந்துவிட்டார். திட்டவா, வெளியே போகவா என்று தெரியவில்லை. எழுதி வந்ததில் மீதியை நான் படிக்கப்போவதில்லை.

அம்மா, அண்ணன் படம் இங்கே இருக்கிறது. நான் முத்தம் கொடுக்கப்போகிறேன். நீங்களும் வாருங்கள். இந்த முறை யாரும் உங்கள் தோளைப் பிடிக்க மாட்டார்கள்.