ஓஃப் வைட்டுக்கு ஒத்துப்போற கல்

இல்லைத் தம்பி, கறுப்பு வேண்டாம். கறுப்பைத் தவிர வேற என்னத்தையெண்டாலும் காட்டுங்கோ. சீவியம் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால நிண்டு படிப்பிச்சனான், இனிக் குசினிக்குள்ளயும் ஒரு கரும்பலகையோட மாரடிக்க என்னால ஏலாது. மா கொட்டினால் தெரியும், தண்ணி சிந்தினால் தெரியும், கை வைச்ச அடையாளமும் தெரியும். இவருக்குத்தான் கறுப்பில பைத்தியம். ஓஃப் வைட் குசினிக் கபட்டுக்கு மேல கறுப்புக் கல்லுப் போட்டால்தான் எடுப்பாய் இருக்கும் எண்டு ஒற்றைக் காலில நிண்டவர். நான் மாட்டவே மாட்டன் எண்டிட்டன்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? ஓம், கபட் கதவுதான். புழுதி படாமல் துவாயால சுத்திக் கொண்டு வந்தனான். ஓஃப் வைட்டுக்குள்ள எத்தினை ஓஃப் வைட் இருக்கெண்டு கல்லுக்கடைக்காரர் உங்களுக்கு நான் சொல்ல வேணுமே? வாயால சொன்னால் நீங்கள் ஒண்டை நினைப்பியள், நான் ஒண்டை நினைப்பன். கதவையே கழட்டிக் கொண்டு வந்தால் சண்டை இல்லை. இது இவற்ற யோசனை. எல்லாத்துக்கும் அவரிட்ட ஒரு யோசனை இருக்கும். நிலஅளவைக் கந்தோரில வேலை செய்த மனுசன், அளக்காமல் சுவரில ஒரு ஆணி அடிக்க விடமாட்டார்.

இதைக் கொண்டு வாறதுக்கிடையில நான் பட்ட பாடு இருக்கே! கொள்ளுப்பிட்டியில பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கிப்போட்டாங்கள். ஆமிப் பொடியன் துவாயை அவிழ் எண்டான். மொகத மே, இது என்ன எண்டு கதவைத் தட்டித் தட்டிப் பாக்கிறான். குஸ்ஸியே தொரக் மல்லி, குசினிக் கதவு தம்பி, கல்லு வாங்கப் போறன் எண்டு சொன்னன். மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டி ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்கள். நானும் சேந்து சிரிச்சன். பிறகு அடையாள அட்டையை வாங்கிப் பேரைப் பாத்த உடன அவங்கட சிரிப்பு நிண்டிட்டுது. என்ர பஸ்ஸும் போயிட்டுது. அடுத்த பஸ்ஸில கதவைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டுதான் வந்தனான்.

பரவாயில்லை, இதில இருக்கிறன். தேத்தண்ணி வேண்டாம் தம்பி. ஊத்திப்போட்டாங்களோ? அப்ப தாங்கோ, வீணாக்கக் கூடாது.

நீங்கள்தான் மக்கீனோ? வெளியில போர்ட்டில பேர் பாத்தனான். ஆ, அது வாப்பாவோ. ஷிப்லியோ நீங்கள். வாப்பா ஜும்மாவுக்குப் போயிட்டார் போல. நீங்களும் போக வேணுமெல்லோ, நான் உங்களைக் கனநேரம் மினக்கெடுத்த மாட்டன்.

அந்த வெள்ளைக் கல்லோ? வடிவுதான். ஒருக்காக் கதவுக்குப் பக்கத்தில வைச்சுப் பிடியுங்கோ. பாத்தியளே? கல்லு வெள்ளையாய் இருக்கிறதால என்ர கதவு ஊத்தையாய்த் தெரியுது. கதவில பிழையில்லை, பக்கத்தில நிக்கிற ஆளில இருக்கு பிழை. அதோட, மஞ்சள் பட்டால் அந்தக் கல்லில கறை ஊறிப்போகும் எண்டு பாமன்கடைப் பக்கம் ஒரு கடையில சொன்னவை. மஞ்சள் படாமல் நாங்கள் என்னத்தைச் சமைக்கிறது?

சிவப்பு வேண்டாம். பாங்க் வாசல் படியில நிண்டு சமைக்கிற மாதிரி இருக்கும். பச்சை, வேண்டவே வேண்டாம். ரோட்டில ஒவ்வொரு சந்தியிலயும் ஆமி உடுப்பில பாக்கிற பச்சை எனக்குக் காணும், போதும்.

உது என்ன, அந்தச் சந்தன நிறத்தில மண்ணிறப் புள்ளி போட்டது? ம்ம்... அது வடிவாய் இருக்கு. இந்த லைட்டில பாத்துச் சொல்லேலாது தம்பி, டியூப் லைட் பொய் சொல்லும். துண்டொண்டு இருந்தால் வாசலுக்குக் கொண்டு வாங்கோ, வெளிச்சத்தில பாப்பம். ஓம்... ஓம், இது கதவோட சண்டை பிடிக்கேல்ல. நான் மனசுக்குள்ள நினைச்சிருந்த நிறம் இதுதான். ஊத்தை தெரியாது, மஞ்சள் பட்டாலும் புள்ளியோட புள்ளியாய்ப் போயிடும். ஓரத்தை மட்டும் உருட்டித் தர வேணும். கூரோரம் இடுப்பில இடிக்கும்.

வீடு வெள்ளவத்தையில, கடல் பக்கமாய்ப் போற ஒழுங்கையில. ஃபிளாட்தான். மூண்டாம் மாடி. பென்ஷன் எடுத்த பிறகு வாங்கினது. பழைய குசினியை முழுக்க உடைச்சிட்டு, மொறட்டுவையில இருந்து ஒரு தச்சுப் பாஸைப் பிடிச்சு இவர் புதுசாய்க் கபட் அடிப்பிச்சவர். பாஸ் பாவம், தச்சு வேலையில தலை நரைச்ச மனுசன், அவனுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து இவர் அளவு சொல்லுவார். கபட் எல்லாம் முடிஞ்சுது. மேல கல்லுப் போடுறது மட்டும்தான் மிச்சம். அப்பிடியே நிண்டிட்டுது. இப்ப கபட்டுக்கு மேல ஒரு பலகையைப் போட்டு அதில அடுப்பை வைச்சிருக்கிறன். பலகை நடுவில வளைஞ்சு போச்சு. சட்டி ஒரு பக்கம் சரிஞ்சுதான் நிக்கும், குழம்பும் ஒரு பக்கமாய்த்தான் கொதிக்கும்.

ஒராளுக்கு அது காணும் எண்டு வையுங்கோவன். ஆனால் எனக்கு ஒராளுக்குச் சமைக்கத் தெரியாது தம்பி. இன்னும் அளக்கிற சுண்டை நிரப்பித்தான் அரிசி போடுறன், கை தன்பாட்டில போடுது. அடுத்த நாள் அந்தச் சோத்தையே சூடாக்கிச் சாப்பிடுவன். முந்தி முன் ஃபிளாட்டில நேசம் எண்டு ஒரு மனுசி இருந்தவ, ஒரு கிண்ணம் கறி போகும், ஒரு கிண்ணம் கறி வரும். அவவும் சென்னைக்குப் போயிட்டா. யாழ்ப்பாணத்தில தங்கச்சி இருக்கிறா, சண்டையால பாதை பூட்டினதோட அவவாலயும் வரேலாது. சில நாள் விடிஞ்சு பொழுதுபட்டால் எனக்கு என்ர குரல் எப்பிடி எண்டே தெரியாது. பிறகு படுக்கப் போகேக்க, சும்மா, லைட்டை நிப்பாட்டுறன் எண்டு சத்தமாய்ச் சொல்லிப் பாப்பன். அதுதான் இண்டைக்கு இப்பிடிக் கதைக்கிறன், குறை நினையாதேங்கோ.

ஓம், ஒரு மகள். லண்டனில. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுப்பாள். அம்மா, வீட்டைப் பூட்டிப்போட்டு வாங்கோ, விசா அலுவல் எல்லாம் நான் பாக்கிறன் எண்டு அழுவாள். நான் சொன்னனான், பிள்ளை, குசினிக்குக் கல்லுப் போட்டிட்டு வாறன், அரைகுறையாய் விட்டிட்டு வரேலாது எண்டு. அண்டையிலயிருந்து அவள் போனை எடுத்த உடன கேக்கிறது, கல்லு எடுத்தாச்சோ அம்மா எண்டுதான். இன்னும் இல்லைப் பிள்ளை, நிறம் சரிவரேல்ல எண்டுவன். நான் வீட்டைப் பூட்டிப்போட்டுப் போனால், ஆராவது வந்து பெல்லை அடிச்சால் ஆர் திறக்கிறது?

கடைகளோ? ஏறாத கடை இல்லை. பாமன்கடையில துவங்கி, கிருலப்பனை, கொள்ளுப்பிட்டி எல்லாம் போயிட்டன். இந்த மருதானையைக் கடைசிக்கு வைச்சிருந்தனான். கதவையும் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் மனுசன் வந்திருக்க மாட்டார் எண்டு நினைச்சன். போன கிழமைதான் யோசிச்சன், இவருக்கு எப்பவும் தூரத்தில இருக்கிற கடைதானே நல்ல கடை. வெங்காயம் வாங்கக்கூடப் பக்கத்துக் கடையை விட்டிட்டுப் புறக்கோட்டைக்குப் போற ஆள்.

இல்லையில்லை, அங்கயெல்லாம் நல்ல கல்லு இல்லாமல் இல்லை. இந்தச் சந்தனக் கல்லை மாதிரி ரெண்டு மூண்டு இடத்தில பாத்தனான். இதைவிட வடிவான ஒண்டும் பாத்தனான். கல்லுக்காக மட்டும் ஏறி இறங்கேல்லத் தம்பி.

இது இடப்பக்கக் கதவு. சிங்குக்குக் கீழ ரெண்டு கதவு, சோடி. வலப்பக்கக் கதவு வீட்டில இல்லை. அதை இவர் கொண்டு போனவர். போன வருசம் மாசி மாதம் ஒரு நாள் காலமை இடியப்பம் சாப்பிட்டிட்டு, கதவைக் கழட்டித் துவாயால சுத்தி, கல்லுப் பாத்திட்டு வாறன் சரோ எண்டிட்டுப் போனவர். வரேல்ல.

அதைத்தான் ஒவ்வொரு கடையிலயும் கேக்கிறன். நாகேந்திரம் எண்டு பேர். மெல்லிய ஆள், கண்ணாடி போட்டிருப்பார், கதைக்கேக்கக் கையால அளந்து அளந்து காட்டுவார். எத்தினையோ பேர் வந்து போற கடை, முகம் ஞாபகம் இராது, எனக்கு விளங்குது. ஆனால் கதவைச் சுமந்துகொண்டு வாற ஆளை ஒருத்தரும் மறக்க மாட்டினம். அதாலதான் சோடியைக் கழட்டிக்கொண்டு வந்து காட்டுறன். இதே மாதிரி ஒரு கதவோட இஞ்ச வந்தவரோ?

பொலிசில சொல்லாமலோ! எல்லா இடமும் சொல்லியாச்சு. என்ன நிறச் சேட்டு, என்ன செருப்பு, ஆரோடையும் பகையோ எண்டு கேட்டவை. நான் கதவைச் சொன்னன். கதவோ எண்டு சிரிச்சுப்போட்டு எழுதாமல் விட்டிட்டினம். எங்கட ஆக்களும் அப்பிடித்தான். வீட்டுக்கு வந்தவை எல்லாம் ஆக்களைத் தூக்கிற வெள்ளை வானைப் பற்றிக் கேட்டினம், ஆர் பிடிச்சவை, ஏன் பிடிச்சவை எண்டு கேட்டினம். கதவைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல.

தம்பி, என்னைப் பாருங்கோ. நான் துவாயை அவிழ்த்த நேரம் தொடங்கிப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். நீங்கள் கதவைப் பாக்கிறியள், பிறகு உள்ளுக்குத் திரும்பிப் பாக்கிறியள்.

வாப்பா சொன்னவரோ, ஒண்டும் கதைக்க வேண்டாமெண்டு? அவர் சொன்னது சரி. நீங்களும் இதே ரோட்டில கடை வைச்சுப் பிழைக்க வேணும், உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். பயப்பிடாதேங்கோ. வாசலில என்ன நடந்தது, ஆர் வந்தது, ஒண்டும் நான் கேக்கேல்ல. ஒரு இடத்திலயும் உங்கட பேரைச் சொல்ல மாட்டன். என்ர பிள்ளையில ஆணையாய்ச் சொல்ல மாட்டன். இஞ்ச வந்தவரோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. வாய் திறக்க வேண்டாம், தலையை ஆட்டினால் காணும்.

எங்க போறியள்? தம்பி... தம்பி, கோவிச்சுக்கொண்டு போகாதேங்கோ...

ஓம்.

ஓம், இது என்ர துவாய்தான். நீலக் கரை போட்டது. சோடியாய் வாங்கினது. தாங்கோ, நான் அவிழ்க்கிறன். எவ்வளவு கவனமாய் வைச்சிருக்கிறியள், ஒரு கீறல்கூட இல்லை. உங்கட வாப்பாவும் எறியச் சொல்லேல்லையே, அந்தப் புண்ணியம் உங்களுக்குக் கிடைக்கும்.

ரெண்டையும் பக்கத்தில வையுங்கோ. ஐயோ, பாத்தியளே தம்பி. ஒரே வாளிப் பெயின்ட், ஒரே நாள் அடிச்சது. வீட்டில நிண்டது கறிப் புகை பட்டு மஞ்சளாய்ப் போச்சு. இவர் கொண்டு வந்தது அப்பிடியே நிக்குது. நான் இவ்வளவு நாளும் பிழையான நிறத்தைக் கொண்டெல்லோ கடை கடையாய்த் திரிஞ்சிருக்கிறன்.

இல்லை, அழேல்ல. தண்ணி வேண்டாம்.

என்ன சொன்னவர்? பின்னேரம் மனுசியைக் கூட்டிக்கொண்டு வாறன், கதவு இஞ்சயே கிடக்கட்டும் எண்டோ? அதுதான் விலாசமும் குடுக்கேல்லையோ. வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பி வர இருந்திருக்கிறார். நேரில கண்டால் அவ சம்மதிப்பா எண்டவரோ? சிரிச்சுச் சிரிச்சோ சொன்னவர்? ஓம், அப்பிடித்தான் சொல்லுவார். அப்ப நல்ல சந்தோசமாய்த்தான் இருந்திருக்கிறார்.

அப்ப எந்தக் கல்லில வைச்சுப் பாத்தவர்?

அதோ. தெரியும் தம்பி, எனக்குத் தெரியும். பிடிச்ச பிடியை விடாத மனுசன்.

இந்தக் கதவை அதில சாத்துங்கோ. மற்றதையும் சாத்துங்கோ. கொஞ்சம் தள்ளி நிண்டு பாப்பம்.

ம்ம். வடிவாய்த்தான் இருக்கு. நேரில கண்டால் சம்மதிப்பன் எண்டு சரியாய்த்தான் சொல்லியிருக்கிறார்.

இல்லைத் தம்பி, சந்தனக் கல்லை எடுத்து வையுங்கோ. கறுப்பையே வெட்டுங்கோ. நாளைக்கே அளவெடுக்க ஆளை அனுப்புங்கோ, நான் வீட்டிலதான் நிப்பன், எங்கயும் போகேல்ல. மா கொட்டினால் தெரியும்தான், தண்ணி சிந்தினால் தெரியும்தான். தெரியட்டும். வந்து அவரே துடைக்கட்டும்.