சத்தம் இல்லாத மாதம்

மாடிப்படியில் செருப்பை ஒழுங்காகக் கழற்றிவிடத் தெரியாதவர்கள்தான் உலகத்தில் பெரும்பான்மை. ஒன்று மேல்படியில் கிடக்கும், அதன் ஜோடி மூன்று படி தள்ளிக் குப்புறக் கிடக்கும். பன்னிரண்டு வீடுகள் உள்ள எங்கள் கட்டடத்தில் ஆறு வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள்மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மேல்வீட்டுப் பெண்மேல் எனக்கு ஏதோ தனிப்பட்ட வன்மம் இருந்தது என்று நினைத்துக்கொண்டு நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லை. எனக்கு எல்லோரும் ஒன்றுதான்.

எடையளவு சோதனை இலாகாவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். தராசுத் தட்டுக்கு அடியில் காந்தத்தை ஒட்டிவைத்துவிட்டு, முகத்தைப் பச்சைக் குழந்தைபோல வைத்துக்கொள்ளும் கடைக்காரர்களோடு வாழ்க்கையைக் கழித்தேன். ஓய்வு பெற்றதும் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். போட்டி இல்லை. உழைக்க வேண்டிய பதவி என்றால் நம் ஆட்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உங்கள் துறை அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. போலீசும் பொதுமக்களும் கைகோத்துத் தெருவில் நடக்கும் அடாவடிகளை ஒழிப்பது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு, வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம். எங்கள் தெருவுக்கென்று ஒரு காவலரை அனுப்பினார்கள். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். வேலை செய்யாதவர்களை நாம் அப்படித்தான் சொல்வோம். வருவார், டீ குடிப்பார், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிவார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

புகார் எழுத ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஏழு கட்டங்கள். குப்பை கொட்டுவது, சத்தம், குடித்துவிட்டுத் தகராறு செய்வது, சுவரில் சிறுநீர் கழிப்பது, வழியை மறித்து வண்டி நிறுத்துவது, தெருமுனையில் நின்று போகிறவர் வருகிறவரைச் சீண்டுவது. ஏழாவது கட்டம் 'மற்றவை'. அதில் டிக் செய்தால் பின்பக்கத்தில் விவரமாக எழுத வேண்டும், ஸ்டேஷனிலிருந்து அதிகாரி நேரில் வந்து விசாரிக்க வேண்டும். அதனால் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. காவலரும் அதைத்தான் விரும்பினார்.

மஞ்சள் சீட்டு என் யோசனை. முதல் சீட்டு எச்சரிக்கை. இரண்டாவது சீட்டு வந்தால் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நின்று இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வந்தால் வீட்டுக்காரருக்குக் கடிதம் போகும், ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். ஸ்டேஷன் முத்திரை இருந்தால்தானே ஜனங்கள் பயப்படுவார்கள். காவலரிடம் கேட்டேன். அடுத்த வாரமே ஐம்பது வெற்றுச் சீட்டுகளில் முத்திரை குத்திக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

"நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார். ஒவ்வொண்ணுக்கும் நான் ஓடிவந்துட்டிருக்க முடியாது."

அரசாங்க முத்திரையை வெற்றுத்தாளில் குத்திக் கொடுக்கிற ஆளை என்ன சொல்வது. வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தேன். அதற்குப்பின் தெருவே மாறியது. ஜன்னல் வழியாகக் குப்பையை வீசிய குடும்பம் ஒரே சீட்டில் வாலைச் சுருட்டிக்கொண்டது. தெருமுனையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த நான்கு தடியன்களும் இரண்டாவது சீட்டுக்குப் பிறகு வேறு முனையைப் பார்த்துக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் என்னை 'மஞ்சளார்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். நேரில் வணக்கம் வைத்தார்கள். அது போதும்.

என் தலைக்கு மேல் இருக்கும் வீட்டுக்கு அந்தத் தம்பதி போன வருடம் குடிவந்தார்கள். அவன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். பார்த்தால் "சௌக்கியமா சார்?" என்பான். செருப்பை ஜோடியாகச் சுவரோரம் விடுவான். அந்தக் கட்டடத்தில் அப்படிச் செய்தவன் என்னைத் தவிர அவன் ஒருவன்தான். அவள் ஒல்லியான பெண். வீட்டிலேயே அட்டைப் பெட்டி மடித்துக் கொடுக்கும் வேலை செய்தாள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், மேலே சத்தம் கேட்கும். நாற்காலி நகரும். பிறகு அவள் கத்துவாள். என் மனைவி கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தபடி நிற்பாள்.

"என்னங்க, போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"படிவத்துல எழுதியாச்சு."

"என்னன்னு எழுதினீங்க?"

"சத்தம்னு."

"அது சத்தமாங்க? அடிக்கிறான் அவளை."

அடிப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை. முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியும் ஒரு காரியத்தை எந்தத் தலைப்பின்கீழ் கொண்டுவருவது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. காவலரிடமும் சொல்லிப் பார்த்தேன். "புருஷன் பொண்டாட்டி விஷயம் வேற பிரிவு சார். அதை எழுதினா நான்தான் நாலு எடத்துக்கு அலையணும். சத்தம்னே வெச்சுக்குவோம்" என்றார். வைத்துக்கொண்டோம்.

சீட்டு யார் பெயருக்கு எழுதுவது என்பதில்தான் கொஞ்சம் யோசித்தேன். நான் எதையும் அவசரப்பட்டு எழுதுகிறவன் இல்லை. இரண்டு வாரம் கவனித்துக் கேட்டேன். அவன் குரலை உயர்த்தியதே இல்லை. சத்தம் முழுக்க அவளுடையது. அதனால் அவள் பெயருக்கு எழுதினேன்.

வாசலில் நின்று படித்துப் பார்த்தாள். "சார், நான் வேணும்னு கத்தலை" என்றாள்.

"வேணும்னு யாரும்மா கத்துவாங்க. கொஞ்சம் பாத்துக்கோ."

இரண்டாவது சீட்டு மூன்று வாரத்தில். கூட்டத்துக்கு வந்தாள். வெயிலில் முழுக்கை போட்ட சட்டையோடு நின்றாள். அவன் பக்கத்தில் நின்று எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்தான். எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாள், அவளுக்கு எல்லா விஷயத்திலும் மூக்கை நுழைக்கும் வியாதி, எழுந்து கேட்டாள்:

"கத்துறவளைக் கூப்பிட்டு நிக்க வெச்சிருக்கீங்களே, ஏன் கத்துறான்னு யாராவது கேட்டீங்களா?"

கூட்டத்தில் இருபது பேர் இருந்தார்கள். ஒருவர் கைபேசியைப் பார்த்தார், ஒருவர் நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டினார். காவலர் தலையைச் சொறிந்தார். இவர்களைத்தான் நீங்கள் இப்போது சாட்சி என்று ஒவ்வொருவராக அழைத்து விசாரிக்கிறீர்கள். அன்றைக்கு ஒருவன் வாயைத் திறந்திருந்தால்கூட நான் அந்தச் சீட்டைக் கிழித்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். கிழித்திருக்க மாட்டேன். ஆனால் ஒருவனும் திறக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டம் கலைந்ததும் அவன் வண்டியை எடுக்கப் போன நேரத்தில் அவள் என்னிடம் வந்தாள்.

"சார், மூணாவது சீட்டு மட்டும் குடுத்துடாதீங்க. இந்த வீட்டைக் காலி பண்ணினா அவரு ஊருக்கு வெளிய அவங்க பெரியப்பா கட்டிப் போட்டிருக்கிற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு. அங்க சுத்துவட்டாரத்துல ஒரு வீடு கிடையாது. இங்கயாவது நீங்கல்லாம் இருக்கீங்க."

எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் கட்டடத்தைப் பற்றி ஒருத்தி நல்லதாகச் சொன்னது அதுவே முதல் தடவை. "சத்தம் வராம இருந்தா ஏன் குடுக்கப்போறேன்" என்றேன். "இனிமே வராது சார்" என்றாள்.

வரவில்லை. வாக்குக் கொடுத்துக் காப்பாற்றிய ஒரே ஆள் அவள்தான் என்று சொல்வேன். நாற்காலி நகரும், ஏதோ சுவரில் மோதும், அவள் குரல் மட்டும் வராது. எப்படிச் சமாளிக்கிறாள் என்பது ஒருநாள் மொட்டைமாடியில் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். கொடியில் அவள் வீட்டுத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஒரு முனை மட்டும் கந்தலாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். வரிசையாகப் பல் பதிந்து நூல் பிரிந்திருந்தது. மற்ற மூன்று முனைகளும் புதிதுபோல இருந்தன. ஒத்துழைப்பு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு ஒரு குப்பைக்கூடையை மூடிவைக்க உடம்பு வணங்காது.

என் மனைவிக்கு நிம்மதி வரும் என்று பார்த்தால் அவள் இன்னும் மோசமானாள். "முன்னாடியாவது கத்தினா. இப்ப சத்தமே இல்லாதது எனக்குப் பயமா இருக்குங்க" என்பாள். சத்தம் வந்தாலும் குறை, வராவிட்டாலும் குறை. பொதுமக்களுக்குச் சேவை செய்வதென்றால் இப்படித்தான்.

தொடர்ந்து மூன்று மாதம் ஒரு புகாரும் இல்லாத கட்டடத்துக்கு உங்கள் துறை 'அமைதிக் குடியிருப்பு' என்று ஓர் எவர்சில்வர் பலகை கொடுக்கிறது. மேலதிகாரி வந்து மாட்டுவார். சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை. எங்களுக்கு இரண்டு மாதம் சுத்தமாக முடிந்துவிட்டது. மூன்றாவது மாதமும் இருபத்தெட்டாம் தேதிவரை வந்துவிட்டது.

இருபத்தெட்டாம் தேதி நடந்ததை நான் ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருக்கிறேன். பிற்பகல் மூன்றரை மணி. அவன் படியில் இறங்கிப் போவதைத் தையல்கார அம்மாள் பார்த்திருக்கிறாள். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தானாம். சந்தேகப்பட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். நம் காவலர் பைக்கில் வந்தார். நான் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

"மேல ஏதோ பிரச்சினையாமே சார்?"

"சத்தம் ஏதாவது கேக்குதா, நீங்களே கேளுங்க."

இருவரும் நின்று கேட்டோம். ஒரு சத்தமும் இல்லை. மேலே ஏற அவர் முதல் படியில் கால் வைத்தார். "நான் இப்பதான் போய்ப் பாத்துட்டு வந்தேன். அந்தப் பொண்ணு தூங்குது. எழுப்ப வேண்டாம்" என்றேன். அவருக்குப் படியேறாமல் தப்பித்த சந்தோஷம். 'நேரில் விசாரித்ததில் புகார் இல்லை' என்று எழுதி, என்னிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரை இப்போது பணி இடைநீக்கம் செய்திருக்கிறீர்கள். பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு நான் மேலே போகவே இல்லை, காவலரைத் திருப்பி அனுப்பத்தான் அப்படி ஒரு பொய் சொன்னேன் என்று முதல் தடவை உங்களிடம் சொன்னேன். என் மனைவி வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். காவலர் வருவதற்கு முன்னால் நான் மாடியிலிருந்து இறங்கி வந்ததைத் தான் பார்த்ததாக. அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், இனி என்னோடு பேசப்போவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். அவள் சொன்னது சரி. காவலரிடம் நான் சொன்னதில் பாதி உண்மை.

மூன்றேகால் மணி சுமாருக்குத் தலைக்குமேல் பெரிதாக ஏதோ விழுந்தது. நாற்காலி இல்லை. அதைவிடக் கனம். சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தேன். அவன் இறங்கிப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. விழுந்தது சத்தக் கணக்கில் வருமா வராதா என்று தீர்மானிக்கச் சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவு ஒருக்களித்திருந்தது.

மடித்த அட்டைப் பெட்டிகள் சுவரோரம் அழகாக அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் அவள் கிடந்தாள். தலைக்கு அடியில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. துண்டு கைக்குப் பக்கத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள், அடையாளமும் தெரிந்துகொண்டாள். அதற்குப்பின் ஒரு மணி நேரத்துக்குமேல் உயிர் இருந்தது, கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கும். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

ஆம்புலன்சைக் கூப்பிட்டால் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், ஸ்டேஷனுக்குப் போனால் அந்த மாதக் கணக்கில் புகாராக ஏறும். மாதம் முடிய இரண்டு நாள் பாக்கி. அவளைக் கொன்றவன் அவன், அதில் எனக்குப் பங்கில்லை, சாகவிட்டது நான். அதில் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தக் கை வைத்தபோது அவள் என்னிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவள் மூடிக்கொண்டாள். நான் வெளியே வந்தேன். அதன்பிறகு மேலேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வந்திருந்தால் நான் கட்டாயம் எழுதியிருப்பேன்.