ஞாயிற்றுக்கிழமை மனுக்கள்

ஏற்காட்டில் மனு எழுதுகிறவனுக்குப் பேனாவைவிட முக்கியம் ஒரு நல்ல பிளாஸ்டிக் உறை. கீழே சேலத்தில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இது புரியாது. இங்கே பனிமூட்டம் ஏரியைத் தாண்டி பஜாருக்குள் வந்துவிட்டால், மேஜைமேல் இருக்கும் வெள்ளைத்தாள் பத்து நிமிஷத்தில் நமுத்த அப்பளம் ஆகிவிடும். 'மாண்புமிகு' என்று எழுதி நிமிர்வதற்குள் மை பரவி, மாண்பு எது மிகுந்தது எது என்று தெரியாமல் போய்விடும். அதனால் என்னிடம் எப்போதும் இரண்டு டஜன் உறைகள் இருக்கும். என் கையில் கொடுத்த காகிதம் எதுவும் இதுவரை நனைந்ததில்லை.

வக்கீலம்மா, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். தருகிறேன். இருபது வருஷம் எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக இருந்தவன் நான். எஸ்டேட்டை ரிசார்ட் ஆக்கினார்கள். விருந்தாளிகளுக்கு ஆஜர் எடுக்க ரைட்டர் தேவையில்லை என்று என்னை அனுப்பிவிட்டார்கள். மனைவி இறந்து ஆறு வருஷம். மகள் ஓசூரில். இன்பமேரியின் டீக்கடை ஓரத்தில் ஒரு மேஜை போட்டு மனு எழுதுகிறேன். ஊரார் இன்னும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். டோமினிக் என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

இன்பமேரியின் கடைக்கு நேர் எதிரே மேற்படி போலீஸ் ஸ்டேஷன். மனுவில் ஒரு தடவை பெயரை எழுதிவிட்டால் அப்புறம் 'மேற்படி' என்று எழுதுவது எங்கள் வழக்கம், அதிலேயே பழகிவிட்டது. வாசலில் பொதுமக்களின் நண்பன் என்று பலகை இருக்கும்.

போன வருஷம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை, நாகலூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நான்கு மூட்டை மிளகு காணவில்லை என்று சத்யராஜை மேற்படி ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கிருஷ்ணம்மாளின் மகன். வயது இருபத்தாறு. ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு தன் காலால் நடந்து உள்ளே போனதை இன்பமேரி பார்த்தாள். சாயங்காலம் நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்ததையும் பார்த்தாள். கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அந்தக் கழிவறையில் போலீஸ்காரர் ஒருவர்கூட இன்றுவரை வழுக்கி விழுந்ததில்லை. ஆள் பார்த்து வழுக்கும் தரை அது. உள்ளங்கால் இரண்டும் கிழிந்து, இடுப்பு வீங்கி, சிறுநீரில் ரத்தம் போகும் அளவுக்கு ஒருவன் எப்படி வழுக்குவது என்று சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் கேட்டிருக்கிறார். கேட்டதோடு நிற்காமல், 'போலீசார் லத்தியால் அடித்ததாக நோயாளி கூறுகிறார்' என்று சீட்டில் எழுதி, நேரமும் போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டார். அனுபவம் போதாது. மிளகு மூட்டைகள் மறுவாரம் எஸ்டேட் குடோனிலேயே கிடைத்தன.

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணம்மாள் என் மேஜைக்கு வந்தார். அவர் கூலி வேலை செய்யும் எஸ்டேட்டுக்கு அன்றுதான் லீவு. பத்து மணி பஸ்ஸில் இறங்கி நேராக வந்து, மடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார்.

"ரைட்டரய்யா, எம் பையன் திருடலீங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுங்க. அடிச்சவரு, அடிச்சேன்னு நாலு பேரு முன்னால ஒத்துக்கோணுமுங்க. அவ்வளவுதானுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

என் அனுபவத்தில் இவ்வளவு சின்னக் கோரிக்கையோடு யாரும் வந்ததில்லை. இவ்வளவு நடக்காத கோரிக்கையோடும் வந்ததில்லை.

முதல் மூன்று மனுக்களை நேர்மையாக எழுதி அனுப்பினேன். மனுக்களின் போக்கு உங்களுக்குத் தெரியும். மேலே எவ்வளவு உயரத்துக்கு அனுப்புகிறோமோ அங்கிருந்து படிப்படியாக இறங்கும். சென்னையிலிருந்து கலெக்டர் ஆபீஸ், அங்கிருந்து எஸ்.பி. ஆபீஸ், அங்கிருந்து டி.எஸ்.பி. ஆபீஸ். கடைசியில் குப்பனூர் வழியாகவோ கொண்டை ஊசி வளைவு வழியாகவோ மலையேறி மேற்படி ஸ்டேஷனுக்கே வந்து சேரும். அடித்தவர் மேஜையில், 'தக்க நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு. அவர் கிருஷ்ணம்மாளைக் கூப்பிட்டு, விசாரித்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். மறு ஞாயிறு கிருஷ்ணம்மாள் திரும்ப என்னிடம் வருவார்.

அப்படித்தான் பழகிப்போனது. வரும்போது அவித்த மரவள்ளிக்கிழங்கை வாழையிலையில் சுற்றிக்கொண்டு வருவார். நான் எழுத எழுத, அவர் பேசிக்கொண்டிருப்பார். படுக்கையில் கிடக்கும் பையன் ராத்திரி என்ன சாப்பிட்டான், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான், காப்பிப் பழம் இந்த வருஷம் ஏன் சுருங்கிவிட்டது, தொழிலாளர் லைன் வீடுகளில் யார் யாரோடு பேசுவதில்லை. வாரம் முழுக்க என்னிடம் வருகிறவர்கள் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் மட்டும்தான் சொல்வார்கள். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மணி, "கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிசத்துல அடிச்சுத் தர்றனுங்க" என்றான். கையால் எழுதிய மனுவுக்குத்தான் மேலே மதிப்பு என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு விதி கிடையாது. கையால் எழுதினால் இரண்டு மணி நேரம் ஆகும்.

இன்பமேரிதான் வாய் சும்மா இருக்கமாட்டாள்.

"ஏனுங்க ரைட்டரே, ஞாயித்துக்கெழமை பூசைக்கே வர்றதில்லை, ஆனா சட்டை மட்டும் இஸ்திரி போட்டதாட்ட இருக்குது?"

"மனு எழுதறதும் ஜெபம்தான்."

"ஆமாமா. கேக்கற எடத்துல காதில்லைங்கிறது ரெண்டுக்கும் ஒண்ணுதான். சாமியாரு கேட்டா இதையே சொல்லிப்போடட்டுங்களா?"

வக்கீலம்மா, நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். கிருஷ்ணம்மாள் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எனக்கு வேண்டியிருந்தது எதிர் நாற்காலியில் ஒரு ஆள், அவ்வளவுதான்.

மனித உரிமை ஆணையம் என்று ஒன்று இருப்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அந்த மனு ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து முடங்காது. ஆணையமே ஆள் அனுப்பி விசாரிக்கலாம். ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அக்டோபரில் அதை எழுதினேன். நான்கு பக்கம். வாழ்க்கையிலேயே நான் எழுதிய நல்ல மனு அதுதான். மாண்பு இல்லை, பணிவு இல்லை, கண்ணீர் இல்லை. தேதி, நேரம், செருப்பு, லத்தி. டாக்டர் சீட்டின் அசலை வைத்தேன். இன்பமேரி தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எதிரே ஸ்டேஷனை வைத்துக்கொண்டு கடை நடத்துகிறவள். பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள். "போட்டாச்சு. இனி டீக்கு வர்ற போலீசுக்குச் சக்கரையைக் கொறைச்சுப்போடுவேன்" என்றாள்.

எல்லாவற்றையும் உறையில் போட்டேன். கிருஷ்ணம்மாள் உறையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது போனா முடிஞ்சிருமுங்களா?"

"முடிய வாய்ப்பு இருக்குதுங்க."

"அப்பறம் நான் இங்க வர்ற வேலை இருக்காதுங்கல்ல? நொம்ப சந்தோசமுங்க. ஞாயித்துக்கெழமையாவது பையன்கூட ஊட்டுல இருந்துக்குவேன். ஒருத்தனாக் கெடக்கறானுங்க."

ஞாயிற்றுக்கிழமை தபாலாபீஸ் மூடியிருக்கும். நாளைக்குப் பதிவுத் தபாலில் போட்டுவிடுகிறேன் என்றேன். திங்கட்கிழமை போனேன். வரிசையில் ஒருவரும் இல்லை. கவுண்டரில் இருந்தவர் உறையை வாங்கக் கையைக்கூட நீட்டினார். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு தபால்தலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உடனே தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அனுப்பக்கூடாது என்று நான் முடிவு செய்யவில்லை. மறுவாரம் அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். அரசாங்கத்தில் இதற்கு 'நிலுவை' என்று பெயர். இந்த மலையில் எத்தனையோ பேருடைய பட்டாவும் பென்ஷனும் நிலுவையில் இருக்கின்றன. அதற்காக யாரையும் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

நவம்பரில் கிருஷ்ணம்மாள், "பதிலொண்ணும் காணோமுங்களே. சேலத்துல முருகன்னு ஒரு வக்கீல் குமாஸ்தா இருக்கறாராமா. அவரைப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு பதில் வந்துவிட்டது. மணியின் கடையில் நானே அடித்தேன். 'தங்கள் மனு பெறப்பட்டு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. அலுவலர்கள் நேரில் வருவார்கள். அதுவரை வாரந்தோறும் தவறாமல் நினைவூட்டு மனு அனுப்பவும்.' கோப்பு எண் வேண்டுமே. எஸ்டேட்டில் எனக்கு இருந்த பழைய நம்பரைப் போட்டேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துப் பத்திரப்படுத்தினாராம்.

அவர் இப்போது உங்களிடம் காட்டிய அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் நீங்கள் மலையேறி வந்தீர்கள். எந்த அரசாங்க ஆபீசும் தன்னை நினைவூட்டச் சொல்லி மக்களைக் கேட்காது என்று சொன்னீர்கள். சரியான பேச்சு. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. ஆசை குறுக்கே வந்தால் நடை கெட்டுவிடுகிறது.

இந்த வருஷம் பிப்ரவரி பதினொன்று ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. கெடு முடிகிற நாள். நினைவூட்டு மனு எழுதினேன். வழக்கம்போல் கிருஷ்ணம்மாள் பேசிக்கொண்டிருந்தார். ஜீப் சத்தம் கேட்டால் சத்யராஜ் விசாரணைக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைக்கிறானாம். வெள்ளைச் சட்டையைப் போட்டுவிடச் சொல்கிறானாம். என்னென்ன சொல்ல வேண்டும் என்று படுத்தபடியே ஒப்பித்துக்கொண்டிருக்கிறானாம். முதல் அடி யார், இரண்டாவது யார், தண்ணீர் கேட்டபோது சிரித்தது யார். "எதும் மறக்கலீங்க ரைட்டரய்யா, வரிசையாச் சொல்றானுங்க" என்றார் பெருமையாக. கிழங்கு அன்று கொஞ்சம் கடினமாக இருந்தது.

மே மாதம் சிறுநீரகம் இரண்டும் நின்று சத்யராஜ் இறந்துபோனான். உள்ளே நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே ஆள். லைன் வீட்டு வாசலில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார்கள். கிருஷ்ணம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அழுது குரல் போயிருந்தது.

"ரைட்டரய்யா, கமிசன்காரங்களுக்குப் பையன் போயிட்டான்னு எழுதிப்போட்டுருங்க. பாவம், அத்தனை தூரத்துல இருந்து வந்து ஏமாந்துறப் போறாங்க."

எழுதினேன். அந்த ஞாயிறும் வந்தார். அதற்கு அடுத்ததும் வந்தார். பையன் இல்லாததால் பஸ்ஸுக்கு அவசரப்படவில்லை; மூன்று மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எதையும் மறைத்ததாக இருக்கக் கூடாது.

ஆகவே என் வாக்குமூலம் இது. ஆணையத்துக்கான மனுவை நான் அனுப்பவில்லை. கெடு முடியும் என்று தெரிந்தே அனுப்பவில்லை. பொய்க் கடிதம் தயாரித்தது நான்தான். சத்யராஜைச் சப்-இன்ஸ்பெக்டர் அடித்தது ஒரு பகல்; அவன் தனியாகக் கிடந்த அறுபது ஞாயிற்றுக்கிழமைகள் என் மேஜையில் இருந்தன. அந்தச் சப்-இன்ஸ்பெக்டர் போன குடியரசு தினத்தில் பாராட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மாற்றலாகிப் போய்விட்டார். நான் எங்கும் போகவில்லை.

இணைப்பாக அந்த உறையைத் தருகிறேன். டாக்டர் சீட்டின் அசலும் இன்பமேரியின் கையெழுத்தும் உள்ளே இருக்கின்றன. கோர்ட்டில் இன்னும் வழி இருக்கிறது என்றீர்கள், பிரித்துப் பாருங்கள். இரண்டு மழைக்காலம் தாண்டியும் ஒரு சொட்டு ஈரம் படவில்லை. அந்த அளவுக்கு அதைப் பார்த்துக்கொண்டேன்.

கிருஷ்ணம்மாள் என்மேல் புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். கொடுக்க வேண்டியதுதான், நியாயம். ஆனால் யாருக்கு எழுதுவது, எதை முதலில் வைப்பது என்று தெரியாதவர்கள் எழுதினால் அதுவும் சுற்றிச் சுற்றி வரும். இந்த மலையில் மனு எழுதுவதில் என்னைவிடக் கைதேர்ந்தவர் இல்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். அவரை வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸுக்கு வரச் சொல்லுங்கள். நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.