பட்டினித் தொட்டி

— ...தள்ளி நில்லு. உன் நிழல் விழுந்தாலே மீனுங்க மேல வருதுங்க.

— வரட்டுமே. பாத்துட்டுப் போகட்டும்.

— நாளைக்குக் காலையில பிடிக்கணும்டி. இப்ப வயிறு காலியா இருந்தாதான் போற வழியில கெடாது.

— எனக்கே பாடமா? இந்தப் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள்லேருந்து கேக்கறேன். டிரவுட்டு மீனுக்குக் குளிர்ந்த தண்ணி, ஓடுற தண்ணி, பிடிக்கறதுக்கு முந்தி ரெண்டு நாள் பட்டினி...

— தெரிஞ்சா சரி.

— ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க? வந்ததுலேருந்து வாயே திறக்கல நீங்க.

— எடுத்துக்கறாங்களாம். மறுபடியும்.

— நிஜமாவா?

— நோயாளிங்களுக்குச் சாப்பாடு எழுதிக் குடுக்கற அம்மாவே சொன்னாங்க. நெஞ்சு ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு வாரத்துல ரெண்டு தடவை நம்ம மீனு. அதுல இருக்கற ஒமேகா கொழுப்பு இதயத்துக்கு நல்லது, புரதம் இருக்கு, வைட்டமின் டி இருக்கு, லேசா ஜீரணமாகும்...

— ஊருக்குத்தான் உபதேசம். உங்க தட்டுல தோலும் கொழுப்பும் ஓரமா ஒதுங்கிக் கிடக்கும். நல்லதெல்லாம் அதுலதான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?

— சொல்றவன் திங்கணும்னு சட்டமா?

— நல்ல சேதிதானே, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி...

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லாததுக்கா வீட்டுக்குள்ள கூட வராம தொட்டி ஓரத்துல வந்து உக்காந்திருக்கீங்க?

— ...விசிலைப் பாத்தேன்.

— நம்ம பண்ணையில இருந்த விசிலண்ணனையா? எங்க?

— பஸ் ஸ்டாண்டுல. மூட்டை தூக்கறான்.

— அந்த வலி முதுகை வச்சுக்கிட்டா...

— அதையேதான் நானும் நினைச்சேன்.

— பேசினீங்களா?

— நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். அவன்தான் கூப்பிட்டான். "அண்ணே, மூணாம் தொட்டியில வலை கிழிஞ்சிருந்துச்சே, தைச்சிட்டீங்களா"ன்னு கேட்டான்.

— இன்னும் நம்ம வலை நினைப்பாவா இருக்காரு?

— துரத்தி விட்டவன்கிட்ட வலையைப் பத்திக் கேக்கறான்டி. நாலு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியா வீடு வந்து சேர்ந்திருப்பேன்.

— வேற பண்ணைக்குப் போயிருக்கலாமே அவரு.

— யாரு சேர்ப்பா? பட்டினித் தொட்டிக்குத் தீவனம் போட்டவன்னு பேராயிடுச்சு. ஆஸ்பத்திரியில பெட்டியைத் திறந்தா அத்தனை மீனும் வயிறு இளகி, வாடையடிச்சு... மொத்தமும் குப்பைக்குப் போச்சு. அன்னைக்கு அந்த வார்டுல எல்லாருக்கும் வெறும் கஞ்சி.

— போனது போகட்டும். அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கலாம்ங்க.

— முடியாது.

— ஏன் முடியாது? அவரு விசிலடிச்சா தொட்டியே திரும்பிப் பாக்கும்னு சொல்லுவீங்களே.

— அந்த அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "அந்த ஆளு இப்ப உங்ககிட்ட இல்லையே?"

— நீங்க என்ன சொன்னீங்க?

— இல்லைன்னேன். இனிமேலும் இருக்க மாட்டான்னேன்.

— ...பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல.

— இப்ப நீ ஆரம்பிச்சுட்டியா?

— நீங்க துரத்தினப்ப அண்ணன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே. அது ஏன்னு யோசிச்சீங்களா?

— தண்ணி வர்ற வாய்க்கால்ல இலை அடைச்சிருக்கும். நான் போய்ப் பாத்துட்டு...

— உக்காருங்க. இலை எங்கயும் ஓடிடாது.

— நாளைக்குப் பேசலாமே.

— நாளைக்கு மீன் போயிடும். அந்த மனுஷன் பேரும் அதோட போயிடும். கேளுங்க... மீன் பிடிக்கறதுக்கு முந்தின நாள் துணி காயப்போட இந்தப் பக்கம் வந்தேன். மீனெல்லாம் ஒண்ணா மேல வந்து, வாயைத் திறந்து திறந்து மூடுச்சு...

— விடு.

— எனக்கு மனசு கேக்கலைங்க. ஒரு கைதானேன்னு போட்டேன். அதுங்க தின்ன வேகத்தைப் பாத்து இன்னொரு கை... அப்புறம் அளவே தெரியல. தலை நிமிர்ந்தா, எதிர்ப்பக்கம் அண்ணன் வாளியோட நிக்கறாரு. பாத்துட்டு, பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டாரு.

— போதும்மா.

— போதாது. பசியில இருக்கற மீனுக்கு இரக்கப்பட்டேன். அந்த மனுஷன் வீட்டு அடுப்பு அணைஞ்சப்ப வாயை மூடிக்கிட்டு நின்னேன். உங்களுக்குத் தெரிஞ்சா என்னைய என்ன நினைப்பீங்களோன்னு பயம். நாளைக்கு நானே ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிடறேன். நீங்க எவ்வளவு வேணாலும் கோவப்பட்டுக்கோங்க.

— கோவமெல்லாம் இல்ல.

— ஏன் இல்ல? நான் இவ்வளவு சொல்றேன், கொஞ்சம் கூட அதிர்ச்சியில்லாம உக்காந்திருக்கீங்க...

— எனக்கு அன்னைக்கே தெரியும். முந்தின நாள் உன் முந்தானையெல்லாம் தீவனத் தூள் பாத்தேன், மீன் கெட்டுப்போச்சுன்னதும் புரிஞ்சுது... பண்ணைக்காரன் பொண்டாட்டியே போட்டாள்னு வெளிய தெரிஞ்சா நம்மகிட்ட யாரு மீன் வாங்குவான்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்ததும், நீ வாயைத் திறந்துடப் போறியேன்னுதான், ஈரத் துணியைக் கூட மாத்த விடாம அவனை வெளிய அனுப்பினேன்.