கணவர் கையெழுத்து

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, நிர்வாகக் குழுப் பெரியவர்களே, எதிரே கண் கலங்கி அமர்ந்திருக்கும் ஆயாக்களே, செவிலியரே, டாக்டரம்மாவின் கையால் பிள்ளை பெற்ற தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிரசவ வார்டில் மறைந்த டாக்டரம்மாவோடு இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த தலைமை நர்ஸ் நான். எனக்கு முன் பேசியவர்கள் அவரைத் தலைமேல் தூக்கி வைத்து ஆடினார்கள். இயக்குநர் வாய் கூசாமல் 'என் அக்கா' என்றார். அந்த அக்காவைத்தானே ஐயா, இரண்டு வருடம் ஜன்னல் இல்லாத கோப்பு அறையில் உட்கார வைத்தீர்கள்?

அவர் செய்த குற்றம் என்ன? அறுவை சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் 'கணவர் கையெழுத்து' என்று ஒரு கட்டம். இந்த மருத்துவமனையின் முதல் பெண் மருத்துவராக வந்த வாரமே அதைப் பேனாவால் கோடு போட்டு அடித்தார். வயிறு யாருடையதோ கையெழுத்தும் அவளுடையது என்றார். தினமும் காலையில் ஒரு கட்டுப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அடிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத் தெருவாகப் போய், தான் தொடங்கிய பெண்கள் சங்கத்தில் இதையே பேசுவார். 'கோடு போடுற டாக்டர்' என்று ஆண்கள் கிண்டல் செய்தார்கள். அந்தப் பெயர் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவரைக் கோப்பு அறைக்கு அனுப்பிய பிறகு படிவங்கள் அடிக்கப்படாமல் வந்தன. நானும் அடிக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம்.

அப்போது ஒரு தையல்காரப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது, உடனே அறுவை செய்தாக வேண்டும். "அக்கா, நானே போடறேன், பேனாவக் குடுங்க" என்று கையை நீட்டினாள். கணவர் வரட்டும் என்றேன். லாரி ஓட்டப் போனவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டார். முறைப்படி எல்லாம் சரியாக இருந்தது. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

கோப்பு அறைக்கு ஓடினேன். டாக்டரம்மா திட்டவில்லை. "பேனா உன் கைலதானே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

மறு வாரமே டாக்டரம்மா அந்தத் தையல்காரப் பெண்ணின் தெருப் பெண்களைத் திரட்டி வந்து நம் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் படிவத்திலிருந்து அந்தக் கட்டமும் போனது, அவரும் வார்டுக்குத் திரும்பினார்.

அவர் இறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. அறிவிப்புப் பலகையில் அவர் படம். அதற்குக் கீழேயே நேற்று ஒட்டிய சுற்றறிக்கை: திங்கள் முதல் கணவர் அல்லது தந்தையின் கையெழுத்து கட்டாயம். இந்தக் கூட்டம் முடியும்வரை கூடவா உங்களுக்குப் பொறுக்கவில்லை? இதில் புதுக் கட்டடத்துக்கு அவர் பெயர் வேறு வைக்கப் போகிறீர்களாம்!

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் ஒப்புக்குச் சொன்னீர்கள். நான் எப்படித் தொடரப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலையில் முதல் அறுவை பதினேழாம் படுக்கைப் பெண்ணுக்கு. பேனாவை நான் அவளிடம்தான் கொடுப்பேன். இயக்குநர் அவர்களே, தடுப்பதென்றால் சுற்றறிக்கை அனுப்பாதீர்கள், நேரில் வாருங்கள். வலியில் துடிக்கிறவளின் கட்டிலருகே நின்று, 'உன் உயிருக்கு உன் சம்மதம் போதாது' என்று அவள் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.