எரியற குப்பை

ஏனுங் தம்பி, அந்தக் கல்ல அங்க நடாதீங்க, சித்தெ நில்லுங்க. சர்க்காரு எடந்தான், பொறம்போக்குதான், ஆரு இல்லீன்னா? ஆனா கல்லுக்கும் என்ற ஊட்டுச் செவுத்துக்கும் நடுவால இருவதடி கூட இல்லீங்களே. இங்க குப்பை எரிக்கற மிசினு வந்தா அந்தப் பொகை எங்க போகும்? உள்ளார ஒருத்தரு இருமறாரு கேக்குதுங்களா, அவரு மூக்குக்குத்தான்.

என்ற ஊட்டுக்காரருங்க, காளிச்சாமி. இருவத்தஞ்சு வருசம் மில்லுல பஞ்சுத் தூசி குடிச்ச நெஞ்சு. தொண்ணூத்தாறுல மில்ல மூடிப்போட்டுப் போயிட்டாங்க, தூசி மட்டும் இவருகிட்டயே தங்கிருச்சு. அடுப்பு பத்த வெச்சாலே மூச்சு முட்டுதுன்னு நான் வெளியால ஆக்கறேன். வேற ஊடு பாக்கறதா? நல்லாச் சொன்னீங்க போங்க! டிபி சீக்குன்னு நெனச்சுக்கிட்டு ஆரும் குடுக்கறதில்லீங்க. மூணு தெரு ஏறி எறங்கிப்போட்டேன்.

ரிப்போர்ட்டு பாசாயிருச்சு, தெரியுமுங்க. அதுக்குக் குப்பையப் பிரிச்சதே நாந்தான். சிரிக்காதீங்க, நெசம். காலேஜுல கிருபாசங்கர்னு ஒரு சாரு. துடியலூர்ல நூறு ஊட்டுக் குப்பைய ஊட்டுக்கு ஒரு பையா வாங்கியாருவாங்க. நான் ஷெட்டுல சாக்க விரிச்சுக் கொட்டி, சோறு, காய்த்தோலு ஒரு பக்கம், காயிதம் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம், பால் கவரு, கேரி பேக்கு ஒரு பக்கம்னு பிரிப்பேன். கீதான்னு படிக்கற புள்ள ஒண்ணு தராசுல வெச்சு எழுதிக்கும். மூணு மாசம். நாத்தம் கொடலப் புடுங்கும்.

எதுக்குன்னா, எரிச்சா வானத்தச் சூடாக்கற பொகை எத்தன வரும்னு கணக்கு. தோலு, காயிதப் பொகைய அதுல சேக்கறதில்லையாமா, செடி காத்துல இருந்து எடுத்தது காத்துக்கே போகுதுன்னு. பிளாஸ்டிக்கு பூமிக்கடி எண்ணெயில செய்யறது, அதோட பொகைதான் கணக்காமா. என்னையும் ஒரு மனுசியா மதிச்சு இத்தனையும் சொல்லிக் குடுத்தாருங்க. இவருக்கு மூச்சு நின்னு போற மாதிரி ஆன அன்னிக்குத் தன்ற கார்லயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுன மகராசன்.

ஒரு நாளு மேசையில படம் விரிச்சு, மிசினு வர்ற எடத்துக்குச் செவப்பு மையில வட்டம் போட்டிருந்தாரு. அந்தப் புள்ளகிட்டக் கேட்டா, பள்ளத்துப் பாலத்துக்கு இக்கட்டால, இந்தப் பக்கமாங்குது. அட சாமி, அது என்ற ஊடு! பொகை எச்சா, நெறைய வந்தா என்னாகுமுங்க சாருன்னேன். ரொம்ப எச்சுன்னா வேண்டாம்னு எழுதிருவேன் பழனியாத்தான்னாரு.

எச்சாத்தான் வந்துச்சு. சாரும் வேண்டாம்னுதான் எழுதுனாரு. அத ஆரு படிச்சா? மிசினு கம்பெனிக்காரங்க பிளாஸ்டிக்குக் கணக்க மட்டும் பாத்துப்போட்டு, இது டீசல் ஊத்தாமயே எரியும், இதுமாதிரி குப்பை எங்கயும் கெடைக்காதுன்னு சர்க்காருகிட்டக் கையெழுத்து வாங்கிட்டாங்க. எனக்குப் பொக்குனு போச்சுங்க.

இல்லீங் தம்பி, அந்தக் கணக்கே தப்பு. சாருகிட்டச் சொல்றதா? ரெண்டு தடவ காலேஜு கேட்டு வரைக்கும் போயித் திரும்பி வந்துட்டேன். சொன்னா ஊரே காறித் துப்பும் அவர. சொல்லாட்டி இவரு போயிருவாரு. நான் எந்தப் பக்கம் போவேன், சொல்லுங்க பாக்கலாம்.

தப்புன்னு எனக்கு எப்படித் தெரியுமா? தராசு தப்பில்லீங்க. அந்தப் புள்ளயும் தப்பா எழுதல. அந்த வட்டத்தப் பாத்த மறுநாள்ல இருந்து, வெள்ளென எந்திரிச்சு டீக்கடை டீக்கடையாப் பால் கவரு பொறுக்கி மடியில கட்டிக்கிட்டுப் போயி, ஊட்டுப் பை ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கைப்பிடி கலந்துபோட்டேன். நாந்தானுங்க. பொகை எச்சாக் காட்டுனா மிசினு வராதுன்னு நெனச்சுப்போட்டேன். அந்த ஊடுகள்ல இருந்து வந்ததுல முக்காவாசி சோறும் காய்த்தோலுந்தான், ஈரக் குப்பைங்க. தீ வெச்சாலும் புடிச்சிருக்காது.